வேலை பறிபோன மறுநாள்: இ.எஸ்.ஐ. வேலையின்மை உதவித்தொகையைப் பெறும் வழி

ஆலை மூடப்படுகிறது என்ற செய்தி வரும் நாளில் அலுவலக மேசைமேல் ஒரு கட்டுத் தாள் இருக்கும். "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று முன்பே அச்சடித்திருப்பார்கள். பெயர், தேதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். போட்டுக் கொடுத்தால் பாக்கிச் சம்பளம் நாளைக்கே கணக்கில் ஏறிவிடும் என்பார்கள். இந்தக் கட்டுரையை முழுவதும் படிக்க உங்களுக்கு நேரமில்லாமல் போகலாம். அப்படியானால் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்த அக்கா ஒருவர் அப்படிப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். ஆர்டர் குறைந்ததால் அவருடைய பிரிவையே கலைத்திருந்தார்கள். நூறு பேருக்கு மேல் ஒரே வாரத்தில் வெளியே போனார்கள். ஆனால் அவர் கையில் இருந்த காகிதத்தின்படி அவராகவே வேலையை விட்டிருந்தார். ஆட்குறைப்பு இழப்பீடாக ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்று கணக்கிட்டால் அவருக்கு 82,500 ரூபாய் வந்திருக்க வேண்டும். ஆலை மூடலுக்கும் ஆட்குறைப்புக்கும் என்றே தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருக்கும் நீண்டகால உதவித்தொகைக்கும் வழி அடைபட்டது. வேலை போனது அவர் குற்றமில்லை. அந்தப் பணம் கிடைக்காமல் போனதற்குக் காரணம் ஒரே ஒரு வரி. அதனால்தான் இந்த வழிகாட்டியை விண்ணப்பப் படிவத்திலிருந்து தொடங்காமல் காகிதத்திலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் ஒரு தயக்கத்தைத் தள்ளிவைத்துவிடலாம். "அரசாங்கத்திடம் போய்க் கையேந்துவதா?" என்று பலர் கேட்கிறார்கள். இது கையேந்தல் இல்லை. உங்கள் சம்பளத்தில் 0.75 விழுக்காடும் முதலாளி தரப்பில் 3.25 விழுக்காடும் மாதந்தோறும் இ.எஸ்.ஐ.க்குப் போகின்றன. 15,000 ரூபாய் வாங்குபவரிடம் மாதம் 113 ரூபாய் பிடிக்கிறார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க மட்டும்தான் அந்தப் பணம் என்று நாம் நினைத்திருக்கிறோம். வேலையிழப்புக்கான காப்பீடும் அதற்குள்ளேயே இருக்கிறது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்டவர்களுக்குத்தான் இது பொருந்தும். மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000. பெரிய வாகன ஆலைகளின் நிரந்தரத் தொழிலாளர்கள் பெரும்பாலும் இந்த வரம்பைத் தாண்டியவர்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியதையும், மறைமலை நகரில் ஃபோர்டு 2022இல் உற்பத்தியை முடித்துக்கொண்டதையும் நாடே பேசியது. அத்தகைய ஆலைகளை நம்பி இருக்கும் உதிரிப்பாகப் பட்டறைகள், கேண்டீன், துப்புரவு, காவல் ஒப்பந்தங்களில் வேலை செய்பவர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை. இ.எஸ்.ஐ. வரம்புக்குள் அதிகம் இருப்பவர்கள் அவர்கள்தான். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் இந்த உரிமை இல்லாமல் போகாது. ஒப்பந்ததாரர் பெயரில் பிடித்தம் நடந்திருந்தாலும் போதும்.

இரண்டு திட்டங்கள், இரண்டு வாசல்கள்

ஒன்று, அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. 2018 ஜூலை 1 அன்று தொடங்கியது. வேலை இழந்தவருக்கு அவருடைய சராசரி நாள் வருமானத்தில் பாதியை அதிகபட்சம் 90 நாட்களுக்குத் தருகிறது. தொடக்கத்தில் கால் பங்காக இருந்ததைக் கொரோனா காலத்தில்தான் பாதியாக உயர்த்தினார்கள். வாழ்நாளில் ஒருமுறைதான் பெற முடியும். நிரந்தரத் திட்டம் அல்ல என்பதால் காலவரம்பு வைத்து நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். விண்ணப்பிக்கும் முன் நடப்பு நீட்டிப்பு எதுவரை என்பதை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, 2005 ஏப்ரல் 1 முதல் இருக்கும் ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனா. ஆலை மூடப்பட்டதாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தவர்களுக்கும், வேலையோடு தொடர்பில்லாத காயத்தால் 40 விழுக்காட்டுக்குக் குறையாத நிரந்தர ஊனம் அடைந்தவர்களுக்கும் உரியது. அதிகபட்சம் 24 மாதங்கள்: முதல் 12 மாதங்களுக்குச் சராசரி ஊதியத்தில் 50 விழுக்காடு, அடுத்த 12 மாதங்களுக்கு 25 விழுக்காடு. உதவித்தொகை வரும் காலம் முழுவதும் குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமும் தொடரும். தொழில் திறன் பயிற்சிக்குப் போனால் கட்டணத்தையும் பயணப்படியையும் இ.எஸ்.ஐ. கழகமே ஏற்கிறது.

மொத்தமாக வெளியேற்றப்பட்டவர்களுக்கு இரண்டாவதுதான் பெரிய உதவி. ஆனால் என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் அதன் பெயரையே கேட்டதில்லை. முதல் திட்டம் இணையத்தில் எளிதாகக் கிடைப்பதால் எல்லோரும் அதற்கே போகிறார்கள். ஒரே காலத்துக்கு இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. ஆகவே ஆலை மூடல் அல்லது ஆட்குறைப்பு என்று எழுத்தில் ஆதாரம் இருப்பவர்கள், 90 நாள் விண்ணப்பத்தை அழுத்துவதற்கு முன் கிளை அலுவலகத்தில் நேரில் உட்கார்ந்து இரண்டாவதைப் பற்றிக் கேளுங்கள்.

முதல் வாரம்: காகிதம்

நிர்வாகம் பணிநீக்கக் கடிதம் தந்தால் அதில் காரணம் என்னவென்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "ஆட்குறைப்பு", "ஆலை மூடல்" என்ற சொற்கள் இருக்க வேண்டும். கடிதமே தராவிட்டால் நீங்களே ஒன்று எழுதுங்கள். எந்தத் தேதியில், யார், எந்தப் பிரிவைச் சேர்ந்த எத்தனை பேரை, என்ன சொல்லி நிறுத்தினார்கள் என்று ஐந்தாறு வரிகள் போதும். அதை ஒப்புகை அட்டையுடன் நிர்வாகத்துக்குத் தபாலில் அனுப்பி, நகலைத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் கொடுங்கள். நாலு பேர் சேர்ந்து எழுதினால் இன்னும் வலு. நிர்வாகம் பதிலே போடாவிட்டாலும், உடனுக்குடன் எழுதிய அந்தக் கடிதம் பின்னால் உங்களுக்குச் சாட்சியாக நிற்கும்.

பாக்கிச் சம்பளத்துக்காகக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நெருக்கடி பலருக்கு வரும். வாடகையும் பள்ளிக் கட்டணமும் காத்திருக்காது, அது எனக்குப் புரிகிறது. பணம் பெற்றதற்கான ரசீதில் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். விலகல் கடிதத்தில் வேண்டாம். ரசீதிலேயே "எல்லாப் பாக்கியும் தீர்ந்தது" என்று சேர்த்திருந்தால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே இப்படி எழுதுங்கள்: "ஆட்குறைப்பில் நிர்வாகம் நிறுத்தியதால், மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் மறுப்புடன் பெற்றுக்கொள்கிறேன்." எழுதியதைக் கைபேசியில் படம் பிடித்துவிட்டு அப்புறம் தாளைக் கொடுங்கள்.

வெளியே வருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அடையாள அட்டையின் படம், 10 இலக்க இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண், வருங்கால வைப்பு நிதிக் (பி.எஃப்.) கணக்கின் யூ.ஏ.என். எண், முதலாளியின் இ.எஸ்.ஐ. குறியீட்டு எண். கடைசியில் சொன்னது சம்பளச் சீட்டில் இல்லாவிட்டால் காப்பீட்டு அட்டையில் இருக்கும். ஆலைக்குப் பூட்டுப் போட்ட பிறகு இவற்றைத் தேடி அலைய வேண்டாம்.

நாட்களைக் கணக்கிடுங்கள்

அடல் திட்டத்துக்கு மூன்று நிபந்தனைகள். வேலை போவதற்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுகள் காப்பீட்டுக்கு உட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போனதற்கு நேர் முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்குக் குறையாமல் சந்தா இருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளின் மற்ற மூன்று சந்தாக் காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாட்கள் இருக்க வேண்டும்.

சந்தாக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. 2025 நவம்பர் 10 அன்று வேலை போனால், நேர் முந்தைய காலம் 2025 ஏப்ரல்–செப்டம்பர். இ.எஸ்.ஐ. இணையதளத்தில் காப்பீட்டு எண்ணைப் போட்டு உள்ளே நுழைந்தால் மாதவாரியாக எத்தனை நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். உங்கள் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் விட்ட முதலாளிகள் உண்டு. விதியில் "கட்டப்பட்ட அல்லது கட்டப்பட வேண்டிய" சந்தா என்றுதான் இருக்கிறது. ஆகவே அவர்கள் கட்டவில்லை என்பதால் உங்கள் உரிமை போய்விடாது. சீட்டை எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பெரிதும் வதைக்கும் ஒரு சிக்கலும் இங்கேதான் தெரியவரும். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் புதிய காப்பீட்டு எண் எடுத்துவிடுகிறார்கள். இரண்டு, மூன்று எண்களில் நாட்கள் சிதறிக் கிடக்கும். எந்த எண்ணிலும் இரண்டு ஆண்டுகள் நிறைந்திருக்காது. எல்லா எண்களையும் எழுதி, எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துத் தரும்படி கிளை அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். வேலையில் இருக்கும்போதே இதைச் செய்தவர்கள் புண்ணியவான்கள்.

பெயரும் வங்கிக் கணக்கும்

விண்ணப்பம் தடைபட்டவர்களில் பலருக்கு நான் கண்ட காரணம் தலைப்பெழுத்து. ஆதாரில் "செல்வி முருகன்", இ.எஸ்.ஐ.யில் "மு. செல்வி", வங்கிப் புத்தகத்தில் திருமணத்துக்கு முன் இருந்த "ப. செல்வி". நமக்கு மூவரும் ஒருவர்தான். கணினிக்கு மூன்று பேர். மூன்றையும் ஆதாரில் உள்ளபடி ஒரே மாதிரியாக மாற்றிக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. பெயர்த் திருத்தத்துக்கு வேலையில் இருக்கும்போது முதலாளி வழியாகவும் பிறகு கிளை அலுவலகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

வங்கிப் புத்தகம் சிண்டிகேட், விஜயா, ஆந்திரா, கார்ப்பரேஷன், அலகாபாத் என்று ஏதாவது பழைய பெயரில் இருந்தால் உடனே வங்கிக்குப் போய்ப் புதிய புத்தகம் வாங்குங்கள். அவை 2019, 2020ஆம் ஆண்டுகளில் வேறு வங்கிகளோடு இணைந்துவிட்டன. பழைய கிளைக் குறியீட்டைப் போட்டால் பணம் வந்து சேராது. சம்பளத்துக்காகக் கம்பெனி திறந்து கொடுத்த கணக்காக இருந்தால் அது முடங்காமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியேறிய தேதி: அடுத்த மாதம் 16ஆம் தேதி பாருங்கள்

ஒவ்வொரு மாதச் சந்தாவையும் முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அப்போது வேலையில் இல்லாதவர் பெயருக்கு எதிரே ஒரு காரணத்தையும் கடைசி வேலை நாளையும் பதிவார். "வேலையை விட்டார்", "ஆட்குறைப்பு", "ஓய்வு", "வேலை இல்லை" என்று தனித்தனிக் காரணங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பதிவு செய்யும் எழுத்தர் அவசரத்தில் எல்லோருக்கும் "வேலையை விட்டார்" என்று போட்டுவிட்டுப் போய்விடுவது வழக்கம். 16ஆம் தேதி வாக்கில் பார்த்து, தவறாக இருந்தால் அன்றே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். தேதியே பதிவாகாமல் விட்டிருந்தால், கணினியின் கணக்கில் நீங்கள் இன்னும் வேலையில் இருப்பவர். விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

விண்ணப்பம்

வேலை போய் 30 நாட்கள் கடந்த பிறகுதான் அடல் திட்டத்தில் கோரிக்கை வைக்க முடியும். முன்பு 90 நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதையும் முதலாளி வழியாகத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது தொழிலாளியே நேரடியாகக் கேட்கலாம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் இணையதளத்தில் காப்பீட்டாளராக நுழைந்து, இந்தத் திட்டத்துக்கான கோரிக்கைப் பக்கத்தைத் திறக்க வேண்டும். வேலை போன தேதி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை கோருகிறீர்கள் என்பது, வங்கி விவரம் ஆகியவற்றை நிரப்பி, ஆதார் நகலும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலும் ஏற்ற வேண்டும். கடந்துபோன நாட்களுக்குத்தான் கேட்கலாம், வரப்போகும் நாட்களுக்குக் கேட்க முடியாது. முடிந்ததும் வரும் எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இணைய மையத்தில் செய்தால் அவர்களுடைய கைபேசி எண்ணைப் போட விடாதீர்கள். கடவு எண்ணும் செய்தியும் உங்கள் கைபேசிக்கே வர வேண்டும்.

தொகை எவ்வளவு? நான்கு சந்தாக் காலங்களில் வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730ஆல் வகுத்தால் சராசரி நாள் வருமானம் வரும். இரண்டு ஆண்டுகளாக மாதம் 15,000 வாங்கியவருக்கு 3,60,000 ÷ 730 = சுமார் 493 ரூபாய். அதில் பாதியை 90 நாட்களுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 22,190 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். இரண்டு மாத வாடகையும் மளிகையும் ஓடும். கிடைத்த முதல் வேலையில் பாதிச் சம்பளத்துக்குப் போய் விழாமல் நிற்க அந்த இரண்டு மாதம் உதவும்.

ஒழுங்கீனம் காரணமாக நீக்கப்பட்டவர்கள், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர்கள், விருப்ப ஓய்வில் போனவர்கள் ஆகியோருக்கு இது கிடையாது. விருப்ப ஓய்வுத் தொகையைக் காட்டி நிர்வாகம் அழைக்கும்போது இதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

ராஜீவ் காந்தி திட்டத்துக்குக் கிளை அலுவலகத்தின் வழியாகவே போக வேண்டும். ஆலை மூடல் அல்லது ஆட்குறைப்புக்கான சான்று அங்கே முதலில் கேட்கப்படும். முதல் வாரத்தில் சேர்த்த கடிதங்கள் அங்கேதான் பேசும். நிர்வாகம் சான்று தர மறுத்தால், தொழிலாளர் துறையில் கொடுத்த மனுவின் நகலையும் வைத்து, சரிபார்த்துத் தரும்படி கிளை மேலாளருக்கு எழுதுங்கள். மறுப்பதானால் எழுத்தில் மறுக்கும்படி கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன "கிடைக்காது" என்பதை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. கழகத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2526.

மருத்துவம் அன்றே நின்றுவிடாது

வேலை போன அன்றே இ.எஸ்.ஐ. அட்டை செத்துவிட்டது என்று நினைத்து, சர்க்கரை மாத்திரையைக் கைக்காசில் வாங்கத் தொடங்குகிறார்கள். அப்படி இல்லை. ஏப்ரல்–செப்டம்பரில் 78 நாட்கள் இருந்தால் அதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர்–மார்ச்சுக்கு அதே ஆண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை. ஆகவே நவம்பர் 10 அன்று வேலை போனவருக்கு, முந்தைய காலத்தில் நாட்கள் நிறைந்திருந்தால், அடுத்த ஜூன் 30 வரை பலன் உண்டு. அதே ஆள் டிசம்பர் 20 வரை வேலையில் இருந்திருந்தால், அக்டோபர் முதல் கணக்கிட்டு 81 நாட்கள் வரும், பலன் அடுத்த ஆண்டு டிசம்பர் வரை நீளும். (பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் வந்த நாட்கள்தான் கணக்கு.) வெளியேற்றும் தேதியை நிர்வாகத்தோடு பேசித் தீர்மானிக்கும் வாய்ப்பு சங்கத்துக்குக் கிடைத்தால், இந்த ஆறு வாரத்தைக் கேட்டுப் போராடுங்கள். வீட்டில் டயாலிசிஸ் நோயாளியோ கர்ப்பிணியோ இருப்பவருக்கு அது பணத்தைவிடப் பெரியது.

இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவை

ஒரே முதலாளியிடம் ஓராண்டில் 240 நாட்கள் வேலை பார்த்தவரை ஆட்குறைப்பில் நீக்கினால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளமும், நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். ஐந்து ஆண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி. நீங்களாக விலகியிருந்தாலும் பணிக்கொடை உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பில் மறுதிறன் நிதி என்று புதிதாக ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 15 நாள் தொகையை முதலாளி அந்த நிதியில் செலுத்த வேண்டும். 45 நாட்களுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். பெரும்பாலான தொழிலாளர்களுக்கு இது இன்னும் தெரியாது. மனுவில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக் கேளுங்கள்.

பி.எஃப். பணத்தை எடுக்கும்போதும் வெளியேறிய காரணம் குறுக்கே வரும். ஐந்து ஆண்டுக்குள் எடுத்தால் வரிப் பிடித்தம் உண்டு. ஆனால் ஆலை மூடியது போல உங்கள் கையில் இல்லாத காரணத்தால் வேலை போயிருந்தால் அந்த வரி பொருந்தாது. ஓய்வூதியப் பகுதியைச் சேர்த்து எடுக்க அவசரப்படாதீர்கள். பத்து ஆண்டு சேவை சேர்ந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. குறைவாக இருந்தால் அதுவரை சேர்ந்த சேவையைக் காட்டும் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்து, அடுத்த வேலையோடு சேர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வரிசையில் நின்று வேலை செய்த பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தோழர்களிடமும் அதே பிடித்தம்தான் நடந்தது, அதே உரிமைதான் அவர்களுக்கும். விண்ணப்பம் இணையத்தில் என்பதால் ஊரிலிருந்தும் போடலாம், பணம் அவர்கள் கணக்குக்கே போகும். ஆனால் கம்பெனிப் பதிவில் உள்ள கைபேசி எண் பெரும்பாலும் அவர்களை அழைத்துவந்த மேஸ்திரியுடையதாக இருக்கும். அவர்கள் ரயில் ஏறுவதற்கு முன் ஒருநாள் கிளை அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் அந்த எண்ணை மாற்றிக் கொடுங்கள். காப்பீட்டு எண்ணையும் கடைசி வேலை நாளையும் ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் தாருங்கள்.